கல்லு படிப்புன்னு ஒதுக்கிடாதீங்க: முதல் வருஷத்துல என்ன இருக்குன்னு பாருங்க

 

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுல யூ.பி.யூ. முடிவு வந்த பிள்ளை இருந்தா பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு நாங்க அன்னதானத் தட்டுகளை அடுக்கிக்கிட்டு இருந்தப்போ ஓர் அம்மா வந்தாங்க. மக நம்ம ஆலய டியூஷன் வகுப்புல படிச்ச பிள்ளை. இப்ப எஸ்.டி.பி.எம். முடிச்சாச்சு. கேட்டது டாக்டர் படிப்பு, கிடைச்சது ஜியோலோஜி. "அண்ணே, கல்லு படிக்கவா இவ்வளவு கஷ்டப்பட்டோம்? வேணாம்னு சொல்லிடலாமா?"ன்னு கேட்டாங்க. பிள்ளை தூண் ஓரமா தலையைக் குனிஞ்சு நின்னுச்சு.

எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. தொண்டூழியர் குழுவுல பாதிப் பேர் எஸ்.பி.எம்.மோட பேக்டரிக்குப் போனவங்க. டாக்டர் சீட் ஏன் கிடைக்கலங்கிற ஆதங்கம் எல்லாருக்கும் இருக்கு, அது வேற கதை. கையில இருக்கிற சீட்டை என்ன செய்யறதுன்னுதான் அந்த அம்மா கேட்டாங்க.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட வர்ற தம்பி ஒருத்தர் ஜியோலோஜி முடிச்சு மண் ஆய்வு செய்யற கம்பெனியில வேலை செய்யறார். அவரைக் கூப்பிட்டோம். முதல் வருஷ நோட்டெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தார். தே தாரிக் ஆறிப்போற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தோம். நாங்க நினைச்சது வேற, அதுல இருந்தது வேற.

முதல்ல பேர் குழப்பம். தமிழ்ல புவியியல்னா ஜியோகிராஃபி. இது நிலவியல். அந்த அம்மா மக ஜியோகிராஃபி டீச்சர் ஆகப் போறான்னு நினைச்சுட்டாங்க.

யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி பாடத்தோட பேர் மாறும். ஆனா அடிப்படை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். பூமி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு பாடம்: நிலத் தட்டுகள், எரிமலை, நிலநடுக்கம், பாறை எப்படி உருவாகி எப்படி மண்ணாகுது. அப்புறம் கனிமங்களை அடையாளம் காணற பாடம். இதுல மோஸ் அளவுன்னு 1லேர்ந்து 10 வரைக்கும் கடினத்தை அளக்கிற முறை ஒண்ணு. நகம் இரண்டரை, குவார்ட்ஸ் 7, வைரம் 10. எது எதைக் கீறுதுன்னு பார்த்தா, கல்லோட பேரைக் கண்டுபிடிக்க உதவும். பேக்டரியில நாங்க இரும்புத் துண்டை மெஷின்ல வச்சு ஹார்ட்னஸ் பார்க்கிறோமே, அதுக்கு அண்ணன் இது. புதைபடிவம் ஒரு பாடம். வரைபடமும் திசைகாட்டியும் வச்சு பாறை அடுக்கு எந்தப் பக்கம் போகுது, எத்தனை டிகிரி சாயுதுன்னு அளக்கிறது ஒண்ணு. இது போக கணக்கு, இயற்பியல், வேதியியல்.

இங்கதான் தம்பி ஒரு விஷயம் சொன்னார். நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் டாக்டர் கனவுல எஸ்.டி.பி.எம்.ல உயிரியல் எடுத்து இயற்பியலை விட்டுடறாங்க. அதுக்கப்புறம் ஜியோலோஜிக்குள்ள வந்தா, நிலநடுக்க அலை, நிலத்தடி நீர் ஓட்டம், பாறை மேல விழற அழுத்தம் எல்லாமே இயற்பியல். கல்லுதானேன்னு அலட்சியமா உட்கார்ந்தவங்க முதல் செமஸ்டர்லயே திணறிப் போறாங்களாம். கணக்கும் அப்படித்தான், சைன், கோசைன் மறந்தவனுக்கு அடுக்கு சாயறது புரியாது. பேக்டரியில நாங்க பார்த்ததும் இதுதான். அடிப்படை தெரியாத டெக்னீஷியன் மெஷின் ஓடற வரைக்கும் ராஜா. நின்னுட்டா வேடிக்கை பார்ப்பார்.

அதனால சேர்றதுக்கு முன்னால இருக்கிற வாரங்கள்ல படிவம் 4, 5 இயற்பியல் புத்தகத்தைத் தூசி தட்டச் சொல்லுங்க. எங்க டியூஷன் ஆசிரியர் சொல்லித் தர ஒத்துக்கிட்டார். காசு வேணாம்.

கல்லு படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு இன்னும் கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றோம். நாம இருக்கிறது ஈப்போ. சுத்தி சுண்ணாம்பு மலை. மழைத்தண்ணி காத்துல இருக்கிற கார்பன் டைஆக்ஸைடைச் சேர்த்துக்கிட்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்குது. குகை வந்தது அப்படித்தான், பாறை பிளந்து விழறதும் பாதி அதனாலதான். கல்லுமலை முருகன் கோயில் இருக்கிற அதே குனோங் சீரோவில 1973 அக்டோபர்ல பாறை விழுந்து அடிவாரத்து வீடுகள்ல 40 பேர் வரைக்கும் செத்துப் போனாங்க. பெரியவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. 2022 டிசம்பர்ல பத்தாங் காலி நிலச்சரிவுல 31 பேர். 2024 ஆகஸ்ட்ல கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஓர் அம்மா உள்ள போனாங்க. நாள்கணக்கா தேடியும் கிடைக்கல. மலையடிவாரத்துல கோயில் கட்டி கும்பிடற நமக்கு, அந்த மலை தாங்குமான்னு சொல்லத் தெரிஞ்ச பிள்ளை நம்ம சமூகத்துல எத்தனை பேர் இருக்காங்க?

வேலை கேரண்டியான்னா, இல்ல. எண்ணெய் விலை விழுந்தா எண்ணெய்க் கம்பெனி ஆள் எடுக்கிறதைக் குறைக்கும். பொய் சொல்ல மாட்டோம். ஆனா 2008லேயே நிலவியலாளர் சட்டம் வந்து, பதிவு பெற்ற ஆள்தான் நிலவியலாளரா தொழில் செய்யலாம்னு ஆகிடுச்சு. கட்டுமானம், குவாரி, நிலத்தடி நீர், அரசாங்கத்துல கனிம, நிலவியல் துறைன்னு வழி இருக்கு.

இன்னொரு பிரச்சினை களப்பயணம். முதல் வருஷத்துலயே வெளியில கூட்டிட்டுப் போவாங்க. தம்பியோட படிச்ச ஒரு பொண்ணை வீட்டுல விடல. வகுப்புல படிச்சதைப் பாறையில பார்க்காமலே அது பரீட்சை எழுதுச்சு. தைப்பூசத்துக்கு ராத்திரி முழுக்கப் பொம்பளைப் பிள்ளைங்களைப் பால்குடத்தோட நடக்க விடறோம், விரிவுரையாளர் கூட நாலு நாள் அனுப்ப மட்டும் பயமா? மலையில நாலு நாள் நடந்தா பிள்ளை கறுத்துடும்னு ஓர் அக்கா சொன்னாங்க. அதுக்கு நாங்க பதில் சொல்லல.

நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் கல்வி நிதியில கேடயமும் பொன்னாடையும் வாங்கறோம். மேடையில ஏத்தறது மருத்துவம் கிடைச்ச பிள்ளைகளைத்தான். கேடயம் அலமாரியில தூங்குது. அந்தக் காசுல இந்தப் பிள்ளைக்கு நல்ல பூட்ஸ், பத்து மடங்கு பெருக்கிக் காட்டற சின்ன லென்ஸ், ஒரு சுத்தியல் வாங்கிக் கொடுக்கலாம். கூட்டத்துல சொன்னோம், பார்க்கலாம்னாங்க. உபயம் ஏத்துக்கிறவங்க இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, நிர்வாகத்துக்காகக் காத்திருக்க வேணாம்.

அந்த அம்மா இன்னும் முடிவு பண்ணல. இந்த ஞாயிறு காலை பூஜைக்கு அப்புறம், ஒன்பதரை மணிக்கு, பசியாறிட்டு மண்டபத்துல உட்காருவோம். தம்பி கல்லெல்லாம் கொண்டு வர்றார். நீர்த்த அமிலத்தைச் சுண்ணாம்புக் கல்லுல ஒரு சொட்டு விட்டா எப்படி நுரைக்குதுன்னு காட்டுவார். ஜியோலோஜி கிடைச்ச பிள்ளை வேற யாராச்சும் இருந்தா சலுகைக் கடிதத்தோட கூட்டிட்டு வாங்க. அப்பாமாரும் வரணும். போன தடவை மாதிரி வெளியில கார்ல உட்கார்ந்துட்டு இருக்க வேணாம்.