தோழி இல்லாத களவு

நற்றிணையின் 45ஆம் பாடலை வாசகர்கள் அறிவார்கள். கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்குத் தேரேறி வந்த செல்வர் வீட்டுப் பிள்ளை, மீனவர் மகளை விரும்புகிறான். குறுக்கே வந்து நிற்பவள் தோழி. இவள் மீன்பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கொடிகள் அசையும் கடைத்தெருக்களைக் கொண்ட பழைய ஊரின் செல்வன் மகன். காயும் சுறாத் துண்டங்களைப் பறவைகளிடமிருந்து காக்கும் எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். போதாக்குறைக்கு, எங்களவரிலும் உன்னைப் போன்ற தலைமக்கள் உண்டு என்று முடிக்கிறாள். வெளியூர்க்காரன் மீது உள்ளூர் வைக்கும் முதல் விசாரணை இது.

இதற்கு நேர் எதிரே குறுந்தொகையின் 25ஆம் பாடலை வைத்துப் பார்க்கலாம். கபிலர் பாடியது. அந்தப் பெண்ணுக்கு உதவ அப்போது தோழி அருகில் இல்லை. அவனோடு கூடிய நாளில் அங்கிருந்தது ஓடும் நீரில் மீனுக்குக் காத்திருந்த குருகு ஒன்றுதான். அவனே பொய் சொன்னால் தான் என்ன செய்வது என்பது அவளுடைய கேள்வி. குருகு சாட்சி சொல்ல வராது. அதன் கவனமும் மீனின் மேல் இருந்தது.

அயல்நாட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில் உள்ளூர்க்காரரிடம் மனம் பறிகொடுப்பவர்களைப் பற்றிய எச்சரிக்கைகள் இன்று ஏராளம். பணம் பத்திரம், கடவுச்சீட்டு பத்திரம், உடல்நலம் பத்திரம் என்று பட்டியல் நீளும். அவை எல்லாம் தேவைதான். ஆனால் அபாயத்தின் வேர் வேறிடத்தில் இருப்பதாக நாம் கருதுகிறோம். பயணக் காதல் என்பது தோழி இல்லாத களவு. கேட்க வேண்டியதைக் கேட்கும் மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. விஜயநகர அரசரிடம் வணிக உரிமை பெற்ற டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். வந்தவர்கள் பெரும்பாலும் தனித்த ஆண்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் ஊழியர்கள் ஆசியப் பெண்களை மணப்பதற்கு இடம் தந்தது. ஆனால் அந்த மனைவியரையும் கலப்பினப் பிள்ளைகளையும் ஹாலந்துக்கு அழைத்துச் செல்லப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தடைகள் போட்டது. ஒன்று அவன் இங்கேயே தங்க வேண்டும், அல்லது அவளை விட்டுக் கப்பலேற வேண்டும்.

இதைக் காதல் கதையாக மட்டும் வாசிப்பது பிழை. இதே துறையிலிருந்துதான் அந்த நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். விருப்பம் எது, கட்டாயம் எது என்று இன்று பிரித்துச் சொல்ல இயலாத உறவுகள் பல இருந்திருக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே உறங்குபவர்கள் ஊர் திரும்ப வாய்க்காதவர்கள். திரும்பிப் போனவர்கள் விட்டுச்சென்ற பெண்களைத் தேடுபவருக்கு அந்தத் தோட்டம் உதவாது.

விட்டுச்செல்லப்பட்ட ஒருத்தியின் கதை, அதே டச்சு வணிகத் தொடரின் மறுகோடியில், நாகசாகியில் பதிவாகியிருக்கிறது. 1823இல் டச்சுப் பணியில் அங்கு வந்த ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட், குசுமோதோ தாகி என்ற பெண்ணோடு வாழ்ந்தார். 1827இல் மகள் இனே பிறந்தாள். தடைசெய்யப்பட்ட வரைபடங்களை வைத்திருந்த குற்றத்துக்காக 1829இல் சீபோல்ட் நாடு கடத்தப்பட்டார். ஜப்பானியர் கடல் கடக்க அன்று அனுமதி இல்லை. தாயும் மகளும் கரையில் நின்றார்கள். ஐரோப்பா திரும்பிய அவர் ஒரு பூஞ்செடிக்குத் தாகியின் நினைவாகப் பெயர் சூட்டினார். பின்னர் அங்கேயே மணமும் செய்துகொண்டார். மீண்டும் ஜப்பானுக்கு வந்தது 1859இல். அதற்குள் தாகிக்கும் வேறு மணம் ஆகியிருந்தது. இனே மேலை மருத்துவம் கற்று, ஜப்பானின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவராக உயர்ந்தார் என்பது அவருடைய பெருமை. அதை அந்தப் பிரிவின் நியாயமாக்கிவிடக் கூடாது. சீபோல்ட் வஞ்சகர் என்றும் நாம் சொல்லவில்லை. வஞ்சகம் இல்லாத இடத்திலும், திரும்பிப் போகக் கப்பல் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே காதல் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை என்கிறோம்.

இன்று கப்பலின் இடத்தில் விமானச் சீட்டு. பாங்காக்குக்கும் பாலிக்கும் கொழும்புக்கும் நம்மவர் போகிறார்கள். மாமல்லபுரத்துக்கு அயலவர் வருகிறார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தொடங்கும் ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. தேர்ச் செல்வர்களின் மக்கள் இப்போது இரு திசைகளிலும் பயணம் செய்கிறார்கள்.

இழப்பு எப்போதும் உள்ளூர்க்காரருக்கே என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் வாழும், இந்திய வம்சாவளியைச் சாராத அயல்நாட்டவர் இங்கே நிலமோ வீடோ விலைக்கு வாங்க முடியாது. தாய்லாந்திலும் நிலவுடைமை அயலாருக்குப் பொதுவாக மறுக்கப்படுகிறது. ஆகவே காதலின் பெயரால் வாங்கும் வீடு உள்ளூர்த் துணையின் பெயரில் எழுதப்படுகிறது. உறவு முறியும் நாளில் பத்திரம் ஒருவர் கையில், கடன் மற்றவர் தலையில். மொழி தெரியாத ஊரில், வக்கீலும் காவல் நிலையமும் பிடிபடாத ஊரில், செல்வன் மகனும் அநாதைதான்.

பொய்யும் குற்றமும் தோன்றிய பிறகே திருமணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியம் சொல்கிறது. நம் சட்டமும் அந்த வழியிலேயே வந்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த பின் மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார விடுமுறையில் வந்தவர் இந்தக் கதவுக்குள் நுழைய இயலாது. இந்தத் தாமதம்தான் சட்டம் நமக்கு அமர்த்தித் தந்த தோழி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்குறுதி தந்து பெண்ணோடு உறவு கொள்பவனுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. ஆனால் அது நடந்து முடிந்த பின் வருவது. வாக்களித்தவன் விமானமேறிய பின் சம்மன் எந்த ஊருக்குப் போகும்?

ஒரு மறுப்பை இங்கே எதிர்பார்க்கிறோம். பெரியோர் பார்த்து முடிப்பதே பாதுகாப்பு என்பார்கள். இரண்டு வார விடுப்பில் வந்து, ஜாதகம் பார்த்து, மண்டபம் நிறைய உறவினர் சூழத் தாலி கட்டி, பெண்ணை இங்கேயே விட்டுப் போன வெளிநாட்டு மாப்பிள்ளைகளைத் தமிழ்நாடு அறியும். அத்தகைய மணங்கள் அனைத்தையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று சட்ட ஆணையமே 2024இல் பரிந்துரைத்தது. அங்கே சாட்சிகள் ஆயிரம் பேர் இருந்தார்கள். கேள்வி கேட்டவர் ஒருவர் இல்லை. சாதியையும் சம்பளத்தையும் விசாரித்தவர்கள் மனிதனை விசாரிக்க மறந்தார்கள். பந்தியில் அமர்ந்த குருகுகள் அவர்கள்.

தோழியைக் காவல்காரியாக எண்ணுவதும் தவறு. சங்கப் பாடல்களில் தலைவனை மறித்துக் கேட்பவளும் அவளே. அவன் மெய்யானவன் என்று தெளிந்தபின் வீட்டாரை மீறி உடன்போக்குக்குத் துணை நிற்பவளும் அவளே. காதலைத் தடுக்க விரும்புவோர் எச்சரிக்கை என்ற சொல்லைக் களவாடிக்கொள்ள நாம் இடம் தரலாகாது.

எனவே அயலூரில் மனம் தடுமாறும் நம் இளையோரிடம் நாம் சொல்ல விரும்புவது சிறியது. போகாதே என்று சொல்லவில்லை. அந்த ஊரிலும் உன் ஊரிலும் ஒருவருக்காவது இது தெரியட்டும். அவர் கேட்கட்டும்: ஏற்கெனவே மணமானவரா? சொந்த ஊர் எது, வீட்டில் யார் யார்? குழந்தை பிறந்தால் எந்த நாட்டுக் குடிமகன்? யார் யாருடைய ஊருக்கு வருவது? திரும்பும் சீட்டு யாரிடம் இருக்கிறது? இக்கேள்விகளைக் கேட்டதும் வாடிவிடும் காதல், விமானம் கிளம்பியதும் வாடியிருக்கும். வாடாமல் நிற்பதற்குத் தோழியே வழித்துணை வருவாள்.