380 என்ற எண்ணுக்குள் இரண்டு பேர்

நீட் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வரும் மாதிரித் தேர்வு மதிப்பெண், பயிற்சி ஆசிரியர்களுக்கும் சோதனைதான். மார்க் குறைந்த பிள்ளை அன்றிரவே இதுவரை தொடாத புதுப் புத்தகத்தைத் திறக்கிறது. பெற்றோர் மையத்துக்குப் போன் செய்கிறார்கள். ஆசிரியர் ‘இன்னும் நல்லா படி’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். எதைப் படிப்பது என்பது அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

இரண்டு பேர் 380 எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி 180 வினாக்களில் 110ஐச் சரியாகவும் 60ஐத் தவறாகவும் எழுதி, 10ஐ விட்டிருக்கிறார். ஒரு மாணவன் 95 வினாக்களை மட்டும் எழுதினான், எழுதியதெல்லாம் சரி, மீதி 85ஐ விட்டுவிட்டான். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்ற கணக்கில் இருவரும் ஒன்றே. தேவைப்படும் மருந்து மட்டும் வேறு வேறு.

மாணவியின் 60 தவறுகளைப் பிரிக்க வேண்டும்: குத்துமதிப்பாகக் குறித்தவை எத்தனை, உறுதியாகத் தெரியும் என்று நம்பித் தவறியவை எத்தனை. பின்னதுதான் ஆபத்து. ஃப்ளெமிங்கின் இடக்கை விதியையும் வலக்கை விதியையும் மாற்றிப் புரிந்துகொண்டவருக்கு நூறு வினா கொடுத்தாலும் அதே தவறுதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் அன்றே தீர்ந்துவிடும்.

மாணவனின் சிக்கல் நேரமா, பயமா என்று பார்க்க வேண்டும். பயம் என்றால் கணக்கைக் காட்டலாம். நான்கு விடைகளில் இரண்டைத் தவறென்று ஒதுக்க முடிந்த வினாவில், மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக 1.5 மதிப்பெண் கிடைக்கும். விட்டால் சுழியம். நேரம் என்றால், 90 வினாக்கள் கொண்ட உயிரியலை முதலில் முடிக்கிறானா, இயற்பியல் கணக்கு ஒன்றில் சிக்கி நிற்கிறானா என்பதை அவனிடமே கேட்கலாம்.

வினாத்தாளையும் எடைபோட வேண்டும். 2024இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025இல் நாட்டின் முதலிடமே 686தான். தாள் கடினமானால் எல்லோருக்கும் மார்க் இறங்கும். மையம் தயாரித்த தாள் எவ்வளவு கடினம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கையில் கொடுப்பது நியாயமில்லை.

மதிப்பெண்ணைச் சொல்லும் விதம் பற்றி க்ளூகரும் டெனிசியும் 1996இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். பின்னூட்டம் குறித்த 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாகப் பலன் தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். ‘உன்னால முடியும்னு நினைச்சேனே’ என்ற அன்பான வாக்கியமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

மார்க் குறைந்ததும் தேர்வை நிறுத்திவிட்டுப் படிக்கச் சொல்வதும் சரியல்ல. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே சிறு தேர்வுகள் தொடரட்டும். தவறிய பாடங்களிலிருந்து இருபது வினாக்கள் போதும். முழுத் தேர்வு வைத்தால் நீட் நடக்கும் அதே பிற்பகல் 2 மணிக்கு வைக்கலாம். சுவரில் ஒட்டும் தரவரிசைப் பட்டியலை இந்த இரண்டு வாரம் எடுத்துவிடலாம்.

தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, ‘இனி என்ன இருக்கு’ என்று பேசும் பிள்ளையிடம் விடைத்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே பெற்றோரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் 14416 என்ற எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அடுத்த மாதிரி வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே இரண்டையும் அச்சிடுமாறு எல்லா மையங்களையும் இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.