தெருவில் கிடக்கும் வயர்: விழா மின்பணியாளர்கள், விழாத் தெரு மக்கள் கோரிக்கைச் சாசனம்

மைக் செட் கட்டுகிறவர்கள், சீரியல் பல்பு தொங்கவிடுகிறவர்கள், பந்தலுக்குள் டியூப் லைட் மாட்டுகிறவர்கள், ஜெனரேட்டர் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆகிய நாங்களும், எங்கள் வயர் ஓடும் தெருக்களில் குடியிருக்கும் மக்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். அம்மன் கோயில் கொடையோ, சர்ச் திருவிழாவோ, தர்கா கந்தூரியோ, கட்சிக் கூட்டமோ, காதுகுத்தோ, எதுவானாலும் முதலில் வந்து இறங்குவதும் கடைசியில் வண்டி ஏறுவதும் வயர்தான். அந்த வயரைச் சுற்றிவைக்க, தூக்கிச் செல்ல, தரையில் மூடிவைக்க, மேலே கட்டத் தேவையான கருவிகள் எல்லாமே இன்று கடையில் கிடைக்கின்றன. எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவை எங்கள் கைக்கு வர இன்னும் எத்தனை ஆடி மாதம் போக வேண்டும் என்பது மட்டுமே எங்கள் கேள்வி.

முதலில், தரையில் இழுத்துவிடும் ஒவ்வொரு நீள வயரும் ரீலில் இருக்க வேண்டும். இரும்புச் சட்டம், சுழற்றும் கைப்பிடி, அதிகச் சூடானால் தானே துண்டிக்கும் கட்-அவுட், தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத மூடியுள்ள சாக்கெட் ஆகிய நான்கும் உள்ள ரீல். புது வயர் கடையிலிருந்து 90 மீட்டர் காயிலாக அழகாக வருகிறது. முதல் வேலை முடிந்ததும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே போட்டு இறுகச் சுற்றுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் வயருக்கு ஒரு முறுக்கு ஏறுகிறது. பத்து விழாவுக்குப் பிறகு மேலுறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக ஒடிந்திருக்கும். மிச்சமிருக்கும் நாலைந்து இழைகள் மொத்தச் சுமையையும் தாங்கிச் சூடாகும். அந்த இடம் எங்கே என்று யாருக்கும் தெரியாது, கருகும்வரை. எடையையும் சொல்ல வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயரில் 50 மீட்டருக்குச் செம்பு மட்டுமே 3 கிலோவுக்கு மேல். உறையோடு சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டும். அப்படிச் சில வளையங்களைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடி ஏறுகிறவன் பெரும்பாலும் பதினெட்டு வயதுப் பையன்.

ரீல் வந்தால் போதாது. ஒவ்வொரு ரீலின் பக்கவாட்டிலும் தமிழில் இரண்டு எண்கள் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்: சுற்றியபடி எத்தனை வாட், முழுதும் அவிழ்த்தால் எத்தனை வாட். ஐரோப்பாவில் விற்கும் ரீல்களில் இந்த இரண்டு எண்ணும் அச்சிட்டே வருகின்றன. பலவற்றில் அவிழ்த்தால் 3500, சுற்றியிருந்தால் 1000 என்று இருக்கும். காரணம் எளிய கணக்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 50 மீட்டரில், போக வர இரண்டு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 0.8 ஓம் தடை. 10 ஆம்பியர் ஓடினால் 80 வாட் சூடு. தெருவில் நீளமாகக் கிடந்தால் காற்று அதை எடுத்துக்கொள்ளும். ரீலில் அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் நடு அடுக்குக்குக் காற்றே இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 1 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் அதே சுமைக்கு ஏறக்குறைய 200 வாட், ஒரு வாளி அளவு உருளைக்குள். சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி. எங்களில் ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் 50 மீட்டர் ரீலில் 10 மீட்டர் மட்டும் இழுத்து, மீதியைச் சுற்றியபடியே மேடைக்கு அடியில் தள்ளிவிட்டார். மேடை லைட்டோடு ஐஸ்கிரீம் பெட்டியும் அதில் ஏறியது. முகூர்த்தத்துக்கு முன்பே ரப்பர் கருகும் வாசனை. மேடைத் துணியைக் கிழித்து ரீலை இழுத்தபோது உள் அடுக்குகள் ஒரே கட்டியாக உருகி ஒட்டியிருந்தன. மேடையில் அப்போது குழந்தைகள் உட்பட இருபது பேர் இருந்தார்கள். அந்த ரீலில் இரண்டு எண் எழுதியிருந்தால் அவர் மீதி 40 மீட்டரையும் இழுத்துவிட்டிருப்பார். பெயின்ட்டும் தூரிகையும் வாங்க ஒரு நாள் போதும். ஆகவே இதற்கு ஒரு மாதத்துக்கு மேல் தவணை தர மாட்டோம்.

இரண்டு கோர் வயரும் டேப் சுற்றிய ஜாயிண்டும் விழாக்களிலிருந்து போக வேண்டும். எர்த் கம்பி இல்லாத வயர் நனைந்த இரும்புக் கழியில் உரசினால், அந்தக் கழியைத் தொடுகிறவர் உடம்பே எர்த் ஆகிவிடும். மூன்று கோர் வயர், இரண்டு முனையிலும் தொழிற்சாலைகளில் பயன்படும், நீர் புகாத வகை நீல நிற 16 ஆம்பியர் பிளக், சாக்கெட் வேண்டும். அதைச் செருகி வளையத்தைத் திருப்பினால் மழையில்கூட நீர் இறங்காது, கால் இடறினாலும் கழன்று வராது. முறுக்கிச் சேர்த்து, டேப் ஒட்டி, மேலே பாலிதீன் பை கட்டும் வேலை இனி வேண்டாம்.

ஒவ்வொரு விநியோகப் பெட்டியிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். போன மின்சாரம் திரும்பி வராமல் மனித உடம்பு வழியாகவோ ஈர மண் வழியாகவோ கசிந்தால், அந்தக் கருவி 300 மில்லி செகண்டுக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஃபியூஸ் அதைச் செய்யாது. ஃபியூஸ் வயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல. ஜெனரேட்டர்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் செய்யாமல் விட்டால் கசியும் மின்சாரத்துக்குத் திரும்பும் வழியே இருக்காது, ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாத மாதிரிதான். எனவே எர்த் கம்பியை மண்ணில் அடித்து, நியூட்ரலை அதோடு இணைத்து, டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டிய பிறகே முதல் பல்பு எரிய வேண்டும். அதைப் பார்க்க விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் நிற்க வேண்டும்.

மக்கள் நடக்கும் இடத்தில் வெறும் வயர் தரையில் கிடக்கக் கூடாது. வேகத்தடை போன்ற வடிவில், உள்ளே பள்ளமும் மேலே மஞ்சள் மூடியும் உள்ள ரப்பர் கேபிள் ராம்ப் போடப்பட வேண்டும். தீச்சட்டி எடுத்து வெறுங்காலோடு வருகிறவர்கள், தூக்கக் கலக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்து நடக்கும் தாய்மார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டத்தான் போகிறார்கள். மண்ணைத் தள்ளி வயரை மூடுவது பாதுகாப்பு அல்ல. அடுத்த நாள் பந்தல்காரர் அதே இடத்தில்தான் கடப்பாரை போடுவார்.

மேலே போகும் வயருக்கும் ஒழுங்கு வேண்டும். இதைச் சொல்லும்போது எங்களுக்குக் குரல் தழுதழுக்கிறது. 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், சர்ச் திருவிழா அலங்கார வேலைக்காக நகர்த்திய உயரமான இரும்பு ஏணி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். அவர்கள் எங்களைப் போல, விழா வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று உழைத்தவர்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். இந்த இரண்டு ஊரையும் மனதில் வைத்துக் கேட்கிறோம். மின்கம்பி செல்லும் தெருவில் இரும்பு ஏணி கூடாது. மின்சாரம் கடத்தாத ஃபைபர் ஏணி வேண்டும். ஆள் மேலே ஏறாமலே சீரியல் வயரைத் தூக்கி மாட்ட, நுனியில் கொக்கி வைத்த ஃபைபர் கழி வேண்டும். தெருவுக்குக் குறுக்கே போகும் தாழ்வழுத்த மின்கம்பிக்குக் குறைந்தது 5.8 மீட்டர் உயரம் என்பது விதி. எங்கள் தற்காலிக வயரும் அந்த உயரத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. வயரை மின்கம்பத்திலோ மரக்கிளையிலோ சுற்றாமல், தனியாகத் தாங்கு கம்பி இழுத்து, அதில் கிளிப் போட்டு மாட்டுவோம். கிளிப்பையும் கம்பியையும் வேலை எடுத்துக் கொடுக்கிறவர் தர வேண்டும். தேரோ சப்பரமோ வருவதற்கு முன்பு மின்வாரிய ஊழியர் ஒருவரோடு அந்த வழியை நடந்து பார்த்து, மின்சாரம் நிறுத்தும் நேரத்தை எழுதித் தர வேண்டும்.

நீளமான வயரே வேண்டாத நிலை வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆண்டுதோறும் விழா நடக்கும் இடங்கள் ஊர் முழுக்கத் தெரியும்: தேரடி, மாரியம்மன் கோயில் திடல், சர்ச் மைதானம், சந்தைப்பேட்டை. அங்கெல்லாம் மீட்டரும் ஆர்.சி.சி.பி.யும் பூட்டும் உள்ள நிரந்தர இணைப்புப் பெட்டியை மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அமைப்புகள் மின்வாரியத்தோடு சேர்ந்து நிறுவ வேண்டும். விழாக் கமிட்டி பணம் கட்டினால் சாவி, முடிந்ததும் திரும்ப ஒப்படைப்பு. பெட்டி அருகில் இருந்தால் 200 மீட்டர் இழுக்க வேண்டியதில்லை, மின்கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கவும் யாரும் நினைக்க மாட்டார்கள். வரும் பங்குனிக்கு முன் ஊருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. வயர் சுற்றுவதும் வேலை. அந்த நேரத்துக்கும் கூலி வேண்டும். இன்று கூலி என்பது கட்டுவதற்கும் எரிய விடுவதற்கும்தான். கச்சேரி முடிந்து, கூட்டம் கலைந்து, இரவு இரண்டு மணிக்கு மேல் ஆரம்பிக்கும் கழற்றும் வேலை கணக்கில் வருவதே இல்லை. விடிவதற்குள் அடுத்த ஊரில் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பையனும் நிதானமாகச் சுற்ற மாட்டான்; இழுப்பான், பந்தாக உருட்டுவான், வண்டிக்குள் எறிவான், அதன்மேல் ஸ்பீக்கர் பெட்டி ஏறும். நாங்கள் மேலே சொன்ன ஒடிந்த இழைகளும், அவற்றோடு கிழிந்த உறையும் அந்தக் கழற்றும் நேரத்தில்தான் உண்டாகின்றன. எத்தனை நல்ல ரீல் வாங்கிக் கொடுத்தாலும், சுற்றுவதற்கு நேரமும் அதற்குக் கூலியும் இல்லாவிட்டால் அது ஒரே சீசனில் குப்பைக்குப் போகும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கழற்றிச் சுற்றும் நேரம் தனி வரியாக எழுதப்பட வேண்டும். வெளிச்சமும் வேண்டும்: மெயினை அணைத்த பிறகு எங்களை டார்ச்சோடு விட்டுப் போகாமல், ஒரு விளக்காவது கடைசி வயர் வண்டி ஏறும்வரை எரிய வேண்டும்.

கற்றுத் தரவும் வேண்டும். ரீலில் போடாத மைக் வயரையும் பல்பு வயரையும் சுற்ற ஒரு முறை உண்டு: ஒரு வட்டத்தை நேராக விட்டு, அடுத்த வட்டத்தைக் கையைப் புரட்டி உள்பக்கமாக விடுவது. ஒரு சுற்றின் முறுக்கை அடுத்த சுற்று தீர்த்துவிடும். மறுநாள் முனையைப் பிடித்து வீசினால் முடிச்சே விழாமல் நீளும். சவுண்ட் வேலையில் பழுத்த மூத்தவர்களின் கையில் இது இருக்கிறது. பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஐ.டி.ஐ. பாடத்திலும், மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வுக்கான பயிற்சியிலும் இதுவும், ரீல், ஆர்.சி.சி.பி., தற்காலிக எர்த்திங் வேலைகளும் செய்முறையாகச் சேர வேண்டும்.

குடோனில் வயர் தரையில் குவியக் கூடாது. சுவரில் அகலமான மரக் கட்டையோ பாதி டயரோ அடித்து அதில் தொங்கவிட வேண்டும். ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிந்து உறை வெடிக்கும். தரையில் கிடந்தால் எலி. ஆண்டுக்கு ஒரு முறை மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் வயரை அன்றே வெட்டிப் போட வேண்டும். தேறியதற்கு மாதமும் ஆண்டும் எழுதிய பட்டை ஒட்டுங்கள். பட்டை இல்லாத வயரை இழுக்க எங்களுக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் மறுப்போம், மறுத்ததற்காக யாருடைய வேலையும் போகக் கூடாது.

செலவு யார் ஏற்பது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறோம். மைக் செட் உரிமையாளர்களில் பலர் வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்தும் சிறியவர்கள். முழுச் சுமையையும் அவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. ரீல், ராம்ப், ஃபைபர் ஏணி, ஆர்.சி.சி.பி. பெட்டி ஆகியவற்றை மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் மானியக் கடன்களில் தனித் தொகுப்பாகச் சேருங்கள். விழாக் கமிட்டிகள் பில்லில் பாதுகாப்புக் கருவி வாடகை என்று ஒரு வரி ஏற்றுக்கொள்ளட்டும். வாணவேடிக்கைக்குப் பணம் தேறும் ஊரில் ராம்புக்கும் தேறும்.

இந்தச் சாசனத்தின் படிகளை உரிமையாளர்களிடமும் விழாக் கமிட்டிகளிடமும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களிலும் நேரில் தருகிறோம். ரீல் மீதான எண், எர்த்திங், டெஸ்ட் பட்டன், சுற்றும் நேரத்துக்குக் கூலி ஆகிய நான்கும் இந்த மாதமே தொடங்கலாம். ரீல், ராம்ப், ஏணி வாங்க ஆடி முதல் தேதிவரை நேரம் இருக்கிறது. எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியும், அதற்குப் பொறுப்பு யார் என்று பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வந்த பதிலை அந்தந்த ஊர்த் தேரடியில் எல்லோரும் பார்க்க ஒட்டிவைப்போம்.