பூஞ்சையின் மதில் சுவரைப் பற்றி நாமும் படிப்போம்

"நஞ்சில்லாமல் விளைவித்தால் பயிருக்கு நோயே வராது" என்று நம்மில் பலர் கூட்டங்களில் பேசுகிறோம். நானும் பேசியவன்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வயலில் இறங்கிய மூன்றாவது சம்பாவில் அந்தப் பேச்சு பொய்த்தது. வெள்ளைப் பொன்னி, கதிர் வந்து தலை சாய்கிற நேரம். கழுத்துக் குலைநோய் தாக்கி, பாதி வயல் பதராக வெளுத்து நின்றது. "என்ன சார், உங்க இயற்கை கைவிட்டுடுச்சா?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் குலைநோய்ப் பூஞ்சையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதன் வித்து இலையில் ஒட்டியதும் குமிழ் மாதிரி ஓர் உறுப்பை உண்டாக்குகிறது. அந்தக் குமிழுக்குள் ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 40 மடங்கு. அந்த வேகத்தில்தான் இலைத் தோலைத் துளைக்கிறது. இவ்வளவு அழுத்தத்திலும் குமிழ் வெடிக்காமல் தாங்குவது அதன் செல்சுவர். அந்தச் சுவரில் முக்கியமான சரக்கு கைட்டின். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிற அதே பொருள். நெற்பயிரில் அது கிடையாது, நம் உடம்பிலும் கிடையாது.

இந்தப் பூஞ்சையின் மொத்த மரபணுத் தொகுப்பும் 2005இல் வெளியானது. கைட்டின் தயாரிக்க மட்டும் அதனிடம் 7 மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று வளர்ச்சிக்கு, ஒன்று வித்துக்கு, ஒன்று இலையைத் துளைக்க என்று வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது.

நெல்லும் ஏமாந்த பயிர் இல்லை. கைட்டின் துணுக்கு பட்டாலே "திருடன் வந்துட்டான்" என்று உஷாராகிவிடும். அதனால் பூஞ்சை தன் சுவரின் மேல் நெல்லால் கரைக்க முடியாத வேறொரு சர்க்கரைப் பொருளைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்தப் போர்வையை நெய்யும் மரபணுவை ஜப்பான் ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். பூஞ்சையால் நெல்லைத் தாக்க முடியவில்லை.

மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே நம்ம ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். மரபணு மாற்றுப் பயிரை எதிர்ப்பது வேறு, மரபணுவைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

படித்ததில் எனக்கு என்ன கிடைத்தது? டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் எல்லாம் பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பவை. உயிரோடு இருந்தால்தான் சுரக்கும். காலாவதியான பாக்கெட்டை வாங்கி, அதுவும் நோய் முற்றிய பிறகு தெளித்தால் பலன் எங்கிருந்து வரும்? விதைநேர்த்தியிலேயே கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்திருக்க வேண்டும். இன்னொரு தப்பும் செய்திருந்தேன். இயற்கை உரம்தானே என்று கோழி எருவை அள்ளிக் கொட்டியிருந்தேன். தழைச்சத்து கூடினால், அது எருவில் வந்தாலும் யூரியாவில் வந்தாலும், குலைநோய்க்கு விருந்துதான்.

எச்சரிக்கையும் வேண்டும். கைட்டின் உருவாவதைத் தடுக்கும் பாலியாக்சின் என்ற மருந்தை 1960களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அங்குள்ள பேரித் தோட்டங்களில் ஒரு பூஞ்சை அதற்குப் பழகிவிட்டது. ஒரே பூட்டை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது என்பது வங்கியில் நான் கற்ற பாடம். வயலுக்கும் அதுதான். பூஞ்சையின் மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. தெளிப்புகள் பற்றி இப்போது ஆய்வு நடக்கிறது. நாளை கடைக்கு வந்தால் நாம் கேட்க வேண்டியது இரண்டு. அதன் உரிமை யார் கையில்? வேருக்கு மணிச்சத்து கொண்டுவரும் வேர்ப்பூஞ்சைக்கும், நம் டிரைக்கோடெர்மாவுக்கும் கைட்டின் சுவர்தானே, அவை தப்புமா? இதைக் கேட்கவாவது நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த சம்பாவில் எருவைக் குறைத்தேன், விதைநேர்த்தி செய்தேன், நடவில் இடைவெளி விட்டேன். இலையில் அங்கங்கே கண் வடிவப் புள்ளி வந்தது. கதிர் தப்பித்தது. பக்கத்து வயல்காரர் இப்போது வேறு கேள்வி கேட்கிறார்: "சார், அந்த சூடோமோனாஸ் எங்க வாங்குனீங்க?"

இனிமேல் கூட்டத்தில் "நோயே வராது" என்று நான் பேசமாட்டேன். "வரும், ஆனால் ஏன் வருகிறது என்று நமக்குத் தெரியும்" என்பேன். புதிதாக இயற்கைக்கு வருகிற பிள்ளைகளை நம்மோடு நிறுத்தி வைக்கப் போவது அந்த நேர்மைதான்.