மேரி மஸ்குரோவின் குற்றம் எது?

ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில் வரும் தங்கை மேரியைப் பற்றி நம் இலக்கிய வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளே வழங்கப்படுகின்றன. ஒன்று பழையது: அவள் சுயநலக்காரி, பிறர் கவனத்துக்காக நோயைப் பெரிதுபடுத்துபவள், நாயகி ஆன் எலியட்டின் பொறுமைக்கு உரைகல். மற்றொன்று அண்மைக்காலத்தது: சிறுமியாக இருக்கும்போதே தாயை இழந்தவள், தந்தையால் பொருட்படுத்தப்படாத கடைக்குட்டி, ஆதலால் அவள் மன நலம் குன்றியவள், அவளைக் குறைகூறுவது கொடுமை. முதல் தீர்ப்பு சோம்பலானது. இரண்டாவது அதனினும் சோம்பலானது என்பது என் கருத்து. மேரி எப்படிப்பட்டவள் என்று முடிவுகட்டுவதோடு இரண்டுமே நின்றுவிடுகின்றன. அவள் எந்த இடத்தில் என்ன செய்தாள் என்று பார்ப்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மேரியின் மூத்த மகன் கீழே விழுந்து காறை எலும்பு பிசகிப் படுக்கையில் கிடக்கிறான். மறுநாள் மாமனார் வீட்டில் விருந்து. கேப்டன் வென்ட்வொர்த் வருகிறார். நோயுற்ற குழந்தையின் அருகில் ஆண்மகனுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டுத் தந்தை சார்லஸ் புறப்படத் துணிகிறான். மேரி கொதிக்கிறாள். தொல்லை எதுவானாலும் ஆண்கள் நழுவிக்கொள்கிறார்கள், தன் கணவனும் அதற்கு விலக்கல்ல என்பது அவள் வாதம். இந்த வாதத்தில் என்ன பிழை? நாவல் நெடுகிலும் ஆண்–பெண் நிலை குறித்து வெளிப்படும் தெளிவான கூற்றுகளுள் இதுவும் ஒன்று. மேரியின் வாயிலிருந்து வருவதால் நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

சிறிது நேரத்தில் ஆன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறாள். மேரி மனம் குளிர்ந்து விருந்துக்குக் கிளம்புகிறாள். தாயாக இருப்பதாலேயே தன் நெஞ்சு தாங்காது, தாயல்லாத அக்காளே இப்பணிக்கு ஏற்றவள் என்று காரணமும் கண்டுபிடிக்கிறாள். வெட்கக்கேடுதான். ஆயினும் அன்று குழந்தையை விட்டுச் சென்றவர்கள் இருவர். ஒருவரைச் சுயநலக்காரி என்கிறோம். மற்றவரை வேட்டைப் பிரியமுள்ள நல்ல மனிதர் என்கிறோம். சார்லஸ் மஸ்குரோவின் சுயநலத்தை ஆராய்க என்றொரு தேர்வு வினாவை நான் இதுவரை கண்டதில்லை. (வீட்டில் தங்கிய ஆனுக்கும் ஓர் ஆதாயம் இருந்தது: ஏறத்தாழ எட்டாண்டுகளுக்கு முன் தான் மணவுறுதியை முறித்துக்கொண்ட வென்ட்வொர்த்தைச் சந்திப்பது அன்றைக்குத் தள்ளிப்போயிற்று.)

இந்த ஏற்றத்தாழ்வின் வேர் நாவலின் மொழியில் இருக்கிறது. கதைசொல்லியின் குரலும் பாத்திரத்தின் எண்ணமும் ஒரே வாக்கியத்துக்குள் கரைந்துவிடும் நடையில் ஆஸ்டின் தேர்ந்தவர். இந்நாவலில் அந்த நடை பெரும்பாலும் ஆனுக்கே உரியது. மேரியோ நேர்க்கூற்றிலும் கடிதத்திலும்தான் நமக்கு அறிமுகமாகிறாள். ஆனின் விருப்பங்கள் எண்ணங்களாக வந்து சேர்கின்றன. மேரியின் விருப்பங்கள் பேச்சாக ஒலிக்கின்றன. சொல்லப்படாத ஏக்கம் கண்ணியமாகவும் சொல்லப்பட்ட ஏக்கம் அற்பமாகவும் தோன்றுவது இயல்பு. இந்த வாய்ப்பு வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் இருவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

மேரியின் பேச்சையும் கொஞ்சம் கவனித்துக் கேட்கலாம். தன்னை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை, தன் தொண்டைவலி மற்றவர்களுடையதைவிட எப்போதும் கடுமையானது என்பன போன்ற முறையீடுகளே அவள் மொழி. செய்தி பரிமாறுவதற்காக அன்றி, உறவைத் தொட்டுக்கொண்டிருப்பதற்காகவே பேசப்படும் பேச்சும் உண்டு என்று மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதினார். மேரியின் தலைவலியை அவ்வகையில் சேர்க்கலாம். சோபாவில் துவண்டு கிடப்பவள், ஆன் அருகில் அமர்ந்து சற்றே பேச்சுக்கொடுத்ததும் எழுந்து உட்கார்கிறாள், உணவு கொள்கிறாள், நடக்கவும் தயாராகிவிடுகிறாள். நோய் பொய் என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுவார்கள். மருந்து எது என்பதற்கும் இதுவே சான்று. அவள் வாழ்க்கைப்பட்டிருப்பதோ, சார்லஸ் ஆன் எலியட்டையே மணந்திருக்கலாம் என்று விரும்பும் குடும்பத்தில். அவன் முதலில் மணம் பேசியதும் ஆனிடம்தான்.

இவ்வளவும் சொல்வதால் அவளை விடுவிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். லைம் ஊரில் லூயிசா தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறாள். அவளைப் பேணுவதற்கு ஆன் தங்குவது என்று எல்லோரும் முடிவுசெய்த பிறகு, நாத்தனாருக்கு அருகில் இருக்கும் உரிமை தனக்கே என்று மேரி வாதாடுகிறாள். ஆன் ஊர் திரும்ப நேர்கிறது. அங்கே தங்கியவள் நூலகத்தில் புத்தகம் மாற்றிக்கொண்டும், ஊர் சுற்றிக்கொண்டும் இன்பமாகவே நாள் கழிக்கிறாள். ஒருத்தியின் உயிர் ஊசலாடும் நேரத்தில்கூடத் தன் வரிசைமுறையைப் பற்றியே எண்ணியது குற்றம். இங்கே தாயற்ற பிள்ளை என்னும் வாதம் எடுபடாது. அதே தாயை இழந்து, அதே தந்தையின் கீழ் வளர்ந்தவள்தான் ஆனும்.

எனினும் குற்றத்தின் அளவு என்று ஒன்று உண்டு. செலவைக் குறைக்க மனமின்றிக் கடனில் மூழ்கி, கெல்லிஞ்ச் மாளிகையை வாடகைக்கு விட நேர்ந்த சர் வால்டரின் தற்பெருமையோடு ஒப்பிட்டால் மேரியின் தற்பெருமை சில்லறை. மூத்தவள் எலிசபெத்தை எண்ணிப்பாருங்கள். குடும்பம் பாத் நகருக்குப் பெயரும்போது, அங்கே ஆனின் தேவை யாருக்கும் இராது என்று அவள் அமைதியாகச் சொல்லிவிடுகிறாள். அவளுக்கு நோயில்லை, புலம்பலில்லை, கவனத்துக்கான ஏக்கமும் இல்லை. கேட்காமலே எல்லாம் கிடைத்தவள். அதே வேளையில் மேரி, தனக்கு உடல்நலமில்லை, ஆன் கட்டாயம் வந்தாக வேண்டும் என்கிறாள். தன்னலத்தால்தான். ஆனால் எலியட் குடும்பத்தில் ஆன் வேண்டும் என்று சொன்ன ஒரே குரல் அது. முறையற்ற விதத்திலேனும் தன்னை ஒருவர் உரிமையோடு கேட்டார் என்பதில் ஆனுக்கு மகிழ்ச்சியே.

கதை முடிவில் அக்காளின் திருமணத்துக்குத் தானே காரணம் என்று மேரி பெருமைப்பட்டுக்கொள்கிறாள். இலையுதிர் காலத்தில் ஆனைத் தன்னோடு வைத்துக்கொண்டவள் தானல்லவா என்கிறாள். ஆஸ்டின் இதைக் கேலியாகவே எழுதுகிறார். ஆனால் கூற்றில் பொய்யில்லை: ஆனும் வென்ட்வொர்த்தும் மீண்டும் சந்தித்தது மேரியின் வீட்டில்தான்.