கிட் ஆப் தேர்ந்தெடுக்க ஒரு அரை மணி நேரப் பரீட்சை



எங்களுக்கு வர்ற கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வருது: "கிட்டுக்கு எந்த ஆப் நல்லது?" அதோட ஒரு தயக்கமும் ஒட்டிக்கிட்டு வரும்: "டெர்மினல்லதான் பண்ணணும்னு தெரியும், ஆனா..."

அந்த "ஆனா" தேவையே இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை ஆரம்பிச்ச அதே 2005லயே, பிராஞ்ச்களைப் படமாகக் காட்டுற கிட்கே வந்துடுச்சு. இன்னிக்கும் அது கிட்டோட மூலக்கோடுக்குள்ளேயே இருக்கு. "நிஜ டெவலப்பர் மவுஸைத் தொட மாட்டான்" என்பதெல்லாம் வெறும் வீறாப்பு. நாலு பிராஞ்ச் எங்கே பிரிஞ்சு எங்கே சேர்ந்ததுன்னு பார்க்கணும், ஒரு ஃபைல்ல மாத்தின இருபது வரியில பன்னிரண்டை மட்டும் கமிட் பண்ணணும்னா, கண்ணால் பார்த்துச் செய்யறதுதான் சுலபம்.

என் சண்டை வேற இடத்துல. ஆப்களை ஒப்பிடுறவங்க பெரும்பாலும் தீம், வேகம், அழகு பற்றித்தான் பேசுறாங்க. ஆனால் எல்லாம் ஒழுங்கா ஓடுற நாள்ல எந்த ஆப்பும் நல்ல ஆப்தான். சிக்கல் வர்ற நாளை மனசுல வெச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். உங்க பிராஞ்ச்ல மெயினை மெர்ஜ் பண்றீங்க, கான்ஃப்ளிக்ட் வருது. "அவர்ஸ்" என்றால் உங்க கோட், "தெய்ர்ஸ்" என்றால் மெயின்ல இருந்து வந்தது. சரி. அதே வேலையை ரீபேஸ் மூலமா செஞ்சா? அப்படியே தலைகீழ்! ரீபேஸ்ல உங்க கமிட்களை மெயின் மேல ஒவ்வொண்ணா மறுபடி அடுக்குது கிட். அதனால மெயின்தான் "அவர்ஸ்", நீங்க எழுதினது "தெய்ர்ஸ்". விஎஸ் கோட்ல தெரியற "கரன்ட்", "இன்கமிங்" பட்டன்களுக்கும் இதே கதைதான். நம்மளோடதை வெச்சுக்கலாம்னு நினைச்சு "கரன்ட்" அழுத்தினா, நாம எழுதினதே காணாமப் போகும். நல்ல ஆப் இந்த இடத்துல வெறும் பட்டனைக் காட்டாது. எந்தப் பக்கம் எந்த பிராஞ்ச், எந்தக் கமிட்னு பேரோட காட்டும்.

அடுத்தது "டிஸ்கார்ட்" பட்டன். ஒரு தடவை கமிட் பண்ணிட்டா, பிராஞ்சையே அழிச்சாலும் ரீஃப்ளாக் வழியா மீட்கலாம். எந்த பிராஞ்சிலயும் சேராத கமிட்களோட தடத்தைக்கூட கிட் வழக்கமா 30 நாள் வெச்சிருக்கும். ஆனால் ஆட் பண்ணாத, கமிட் பண்ணாத மாற்றத்தைத் தூக்கிப் போட்டா, கிட்கிட்ட அதுக்குப் பிரதியே கிடையாது. கிட்ஹப் டெஸ்க்டாப் அந்த ஃபைலைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும், அதனால திரும்ப எடுக்க ஒரு வழி உண்டு. உங்க ஆப் என்ன பண்ணுதுன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடிக்காதீங்க.

அதனால எந்த ஆப்பையும் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு டம்மி ரெப்போ உருவாக்கி, ரெண்டு பிராஞ்ச்ல ஒரே வரியை மாத்தி மோத விடுங்க. யாரோட வரி எதுன்னு உடனே புரியுதா? பாதியில "வேண்டாம்"னு சொல்லிப் பழைய நிலைக்கு வர முடியுதா? ஒரு பிராஞ்சை அழிச்சு மீட்டுப் பாருங்க. ஃபோர்ஸ் புஷ் எங்கே இருக்கு, சாதாரண புஷ்ஷுக்குப் பக்கத்துலயே கை தவறுற தூரத்துல இருக்கான்னு பாருங்க. கடைசியா, பட்டனுக்குப் பின்னாடி ஓடுற கிட் கட்டளையைக் காட்டுதான்னு பாருங்க. சப்லைம் மெர்ஜ் காட்டும். டெர்மினலுக்குள்ளயே ஓடுற லேஸிகிட்டும் காட்டும். சில பட்டன் பேர்கள் கிட்லயே இல்லாதவை. விஎஸ் கோட்டோட "சிங்க்" என்பது புல்லும் புஷ்ஷும் சேர்ந்தது. அது தெரியாம அழுத்தினா, இன்னும் அனுப்ப விரும்பாத கமிட்டும் கிளம்பிப் போயிடும்.

கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவனா இன்னொண்ணும் சொல்லணும்: லைசென்ஸைப் படிங்க. கிட்க்ராக்கனோட இலவசப் பதிப்பு, ஆன்லைன்ல இருக்கற பிரைவேட் ரெப்போவுக்குப் போதாது. கம்பெனி கோட் பெரும்பாலும் பிரைவேட்தான். சோர்ஸ்ட்ரீ இலவசம், ஆனால் லினக்ஸுக்குக் கிடையாது. ஃபோர்க்கும் விண்டோஸ், மேக் மட்டும்தான். அதுவும் கிளையன்ட் கொடுக்கிற லேப்டாப்ல நீங்க விரும்பினதை இன்ஸ்டால் பண்ண அனுமதி கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே ஆப்புக்கு மட்டும் கை பழகியிருந்தா, அந்த இடத்துல முதல் நாளே திணறணும்.

என் பரிந்துரையைக் கேட்டீங்கன்னா: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு கிட்ஹப் டெஸ்க்டாப். பிராஞ்ச் படம் காட்டாது, ஆனால் பயமுறுத்தாது. பெரிய டீம்ல, பல பிராஞ்ச் நடுவுல வேலைன்னா விண்டோஸ், மேக்ல ஃபோர்க். லினக்ஸ்ல சப்லைம் மெர்ஜ். எதை எடுத்தாலும் ஸ்டேட்டஸ், லாக், ரீஃப்ளாக், ரீபேஸை நிறுத்துற அபார்ட், இந்த நாலையும் டெர்மினல்ல ஒரு தடவையாவது கையால அடிச்சுப் பழகிக்கோங்க.

இதுல ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, அழியறது உங்க வேலை மட்டும் இல்லை. தப்பான பட்டனால டீம்ல இன்னொருத்தரோட ரெண்டு நாள் உழைப்பு போனா, ஆப்பை யாரும் திட்ட மாட்டாங்க, கமிட்ல இருக்கற பேரைத்தான் பார்ப்பாங்க. அது பல சமயம் புதுசா சேர்ந்தவங்க பேராத்தான் இருக்கும். கேள்வி கேட்கத் தயங்கறதும் அவங்கதான்.

உங்க ஆப் இந்தப் பரீட்சையில பாஸா ஃபெயிலான்னு பதில் போடுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.