உலோகத்துக்கும் உண்டு சனது



இரண்டாம் உலகப் போரில் (1939–45) பறந்த விமானங்களின் உதிரிப் பாகங்கள் பிரிட்டனில் இன்றும் விலைபேசப்படுகின்றன. வாங்குவோர் முதலில் நோக்குவது, பாகத்தில் பொறிக்கப்பட்ட எண்ணை. ஸ்பிட்ஃபயர் முதல் வகைக்குரிய பாகங்களில் அவ்வெண் 300 எனத் தொடங்கும். கருவிகளிலோ மகுடமும், விமான அமைச்சகத்தைக் குறிக்கும் ‘ஏ.எம்.’ எழுத்துகளும் காணப்படும்.

எனினும், எண் விமானத்தின் வகையை மட்டுமே சொல்லும். எந்த விமானம், எங்கு வீழ்ந்தது, யார் கண்டெடுத்தார், யார் யாரிடம் கைமாறியது என்னும் தொடர் அறுபடாதிருந்தால்தான் விலை உயரும். ஹதீஸின் வாசகம் எத்துணை அழகாயிருப்பினும் அதன் சனதைக் கேட்கிறோமல்லவா? அதுபோன்றதே இதுவும்.

பேராசை நுழைவதும் இவ்விடத்தில்தான். சாதாரணத் துண்டுக்குப் புகழ்பெற்ற விமானியின் பெயரைச் சூட்டுவோர் உளர். புதுத் தகட்டைப் பழையதாக்கி விற்போரும் உளர். பல கருவி முகப்புகளில் பூசப்பட்ட ரேடியம், ஒளி மங்கிய பின்னும் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். அதை மறைப்பதும் மோசடியே. விமானம் வீழ்ந்த இடம் விமானியின் அடக்கத்தலமாகவும் இருக்கலாம். அங்கு அனுமதியின்றித் தோண்டுவதை 1986ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

தானியக் குவியலுள் கையை நுழைத்து, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நாம் விற்பது எதுவாயினும் ஈரத்தை மேலே வைப்போம். தெரிந்ததை மறைக்காமலும், தெரியாததைச் சேர்க்காமலும் பெறுவதே ஹலாலான விலை. வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.